பாறையில் செதுக்கிய பாதை

எத்தியோப்பியாவைப் பற்றிய சுற்றுலாக் கையேடுகளில் தவறாமல் இடம்பெறும் படம் ஒன்று உண்டு. சிவந்த பாறைத் தரையில் ஆழமான ஒரு சதுரக் குழி. குழியின் நடுவே சிலுவை வடிவில் ஒரு தேவாலயம். கூரை நம் காலடி மட்டத்தில் இருக்கிறது. வாசலோ ஏறத்தாழ 12 மீட்டர் கீழே. கல்மேல் கல் அடுக்கி எழுப்பிய கட்டடம் இல்லை இது. மலையை வெட்டி, வேண்டாததை எல்லாம் அகற்றிய பின் மிஞ்சிய ஒரே கல். லாலிபெலா என்ற ஊரின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது இந்தப் படம்தான். அந்த ஊரைத் தவறாகப் புரிந்துகொள்ள வைத்ததும் அதுவே. பார்த்தவுடன் முடிந்துபோகும் ஒரு காட்சிப் பொருளாக லாலிபெலாவை அது சுருக்கிவிட்டது. அங்கே பாறையில் செதுக்கப்பட்டவை 11 தேவாலயங்கள் என்று எண்ணிச் சொல்கிறோம். அந்த எண்ணிக்கையில் விடுபட்டுப்போனது, அவற்றைச் சேர்க்கும் பாதை. அகழிகளும் சுரங்கவழிகளும் படிகளும் முற்றங்களுமாக நீளும் அந்தப் பாதையையும் அதே உளிதான் செதுக்கியது. அதைக் காலால் அறியாமல் தேவாலயங்களைக் கண்ணால் மட்டும் பார்ப்பவர், அந்தச் சிற்பிகள் செய்ததில் பாதியைத்தான் பார்க்கிறார். ஒரு முழுநாளை ஒதுக்கி லாலிபெலாவை நடந்தே பார்க்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஊர் எங்கே இருக்கிறது, யார் செய்த வேலை என்பதை முதலில் சொல்லிவிடலாம். தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து ஏறத்தாழ 645 கிலோமீட்டர் வடக்கே, சுமார் 2,500 மீட்டர் உயர மலைநாட்டில் இருக்கிறது லாலிபெலா. பழைய பெயர் ரோஹா. ஸாக்வே மரபைச் சேர்ந்த லாலிபெலா என்ற மன்னர் 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்டார். அவர் பெயரே பிறகு ஊருக்கும் ஆனது. அவர் பிறந்தபோது தேனீக்கள் வந்து மொய்த்தன, அரசன் பிறந்துவிட்டான் என்று தேனீக்களே அறிந்துகொண்டன என்பது அந்த மக்கள் சொல்லும் கதை; பெயரின் பொருளும் அதுவே. கதையோடு ஆவணமும் இருக்கிறது. அவர் காலத்து நிலக்கொடைக் குறிப்புகள் கிடைத்துள்ளன. இந்தத் தேவாலயங்களில் உள்ள மரப் பலிபீடங்கள் சிலவற்றில், எத்தியோப்பியத் திருச்சபையின் வழிபாட்டு மொழியான கீயெஸில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலை யுனெஸ்கோ முதன்முதலில் வெளியிட்ட 1978ஆம் ஆண்டிலேயே லாலிபெலா அதில் இடம்பெற்றது.

பாதைதான் முக்கியம் என்பதற்கான முதல் சான்று, வேலை நடந்த முறையிலேயே இருக்கிறது. கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை, முறை ஒன்று. மலையின் மேற்பரப்பில் சுற்றிலும் அகழி வெட்டி, நடுவில் ஒரு பெரிய கல்திரளைத் தனியே பிரிப்பார்கள். பிறகு அந்தத் திரளை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே இறங்குவார்கள். அடித்தளம் கடைசியாக வரும். கூரை முதலில் பிறக்கும். லாலிபெலாவின் பாறை எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான, துளைகள் நிறைந்த சிவப்புக் கல். இரும்பு உளிக்கு இணங்கும் அளவு மென்மையும், வெட்டிய பின் நிற்கும் அளவு உறுதியும் அதற்கு உண்டு. இப்படிப்பட்ட வேலையில் அகழி இல்லாமல் தேவாலயம் இல்லை. தொழிலாளிகள் நின்று செதுக்கிய இடமும், உடைத்த கல்லை வெளியே சுமந்துசென்ற வழியும் அதுதான். மழைநீருக்கும் அதுவே வடிகால். அகழிகளின் தரை சரிவாக வெட்டப்பட்டு, நீர் யோர்தானோஸ் ஓடையை நோக்கி வடியுமாறு அமைக்கப்பட்டது. வேலை முடிந்தபின் அதே வழியாகத்தான் குருமாரும் மக்களும் வழிபட வந்தார்கள். கல்லும் நீரும் மனிதரும் போன வழி ஒன்றே. அதில் நடப்பவர், கட்டடம் பிறந்த வழியிலேயே கட்டடத்துக்குள் நுழைகிறார்.

தேவாலயங்கள் ஓடைக்கு வடக்கே ஐந்து, தெற்கே ஐந்து, தனித்து ஒன்று என்று அமைந்துள்ளன. எல்லாம் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் அடங்கிவிடும். காலையில் வடக்குத் தொகுதியில் தொடங்குவது பொருத்தம். முதலில் வருவது பேத்தே மெதானே அலெம். ‘பேத்தே’ என்றால் வீடு, ‘மெதானே அலெம்’ என்றால் உலக இரட்சகர். ஏறத்தாழ 33 மீட்டர் நீளமும் 23 மீட்டர் அகலமும் 11 மீட்டர் உயரமும் கொண்ட இதுவே உலகின் மிகப் பெரிய ஒற்றைக்கல் தேவாலயம் என்று கருதப்படுகிறது. சுற்றிலும் தூண்வரிசை, உள்ளே ஐந்து பகுதிகளாகப் பிரிந்த நெடிய கூடம். பகல் வெளிச்சம் சின்னஞ்சிறு சாளரங்கள் வழியே மட்டும் உள்ளே விழுகிறது. அங்கிருந்து ஒரு குறுகிய பாறை வழி அடுத்த முற்றத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே நிற்பது பேத்தே மரியாம், அன்னை மரியாளின் வீடு. முன்னதைவிட மிகச் சிறியது. சுவரிலும் வளைவுகளிலும் வண்ண ஓவியங்களும் செதுக்கு வேலையும் நிறைந்தது. பெரியதற்குப் பின் சிறியது, விரிந்ததற்குப் பின் குறுகியது, இருட்டுக்குப் பின் வண்ணம் என்ற இந்த வரிசை நடப்பவருக்கு மட்டுமே கிடைக்கும். தனித்தனிப் படங்களாகப் பார்த்தால் இரண்டும் இரண்டு கட்டடங்கள். நடந்து வந்தால், ஒன்றின் தனிமையை உணர்ந்த மனத்துக்கு மற்றொன்று தரும் ஆறுதல் புரியும். அந்த முற்றத்தின் பக்கச் சுவர்களைக் குடைந்தே வடக்கில் பேத்தே மெஸ்கெல், தெற்கில் பேத்தே தெனாகெல் என்ற சிறு தேவாலயங்கள் அமைந்திருக்கின்றன. சிலுவைக்கு ஒன்று, கன்னியருக்கு ஒன்று. ஒரு தேவாலயத்தின் முற்றச் சுவரே மற்றொரு தேவாலயமாக இருக்கும் இடத்தில், கட்டடம் எங்கே முடிகிறது, வழி எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது.

அதே முற்றத்திலிருந்து தெற்கே இறங்கினால் மிகாயேல், கொல்கொதா என்ற இணைத் தேவாலயம். சுவர்களில் ஏறத்தாழ ஆள் உயரத்தில் புனிதர்களின் புடைப்புச் சிற்பங்கள் நிற்கின்றன. மன்னர் லாலிபெலா இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு. கொல்கொதாவுக்குள் பெண்களை அனுமதிப்பதில்லை. வெளியே மேற்குப் பக்க அகழியில் ஆதாமின் கல்லறை என்று சொல்லப்படும் பாறைத் திரள். அதைக் கடந்தால் யோர்தானோஸ் ஓடை. கிறிஸ்துவின் திருமுழுக்கை நினைவூட்டும் ஒரு கற்சிலுவை ஓடைப் படுகையில் நிற்கிறது. இந்தப் பெயர்களைச் சேர்த்துப் படித்தால் மன்னரின் எண்ணம் தெரிந்துவிடும். எருசலேமை மலைநாட்டிலேயே அமைத்துக்கொள்ளும் முயற்சி இது. 1187இல் சலாதீன் எருசலேமைக் கைப்பற்றியதால் யாத்திரை நின்றுபோனது, அதனால்தான் இந்தப் புதிய எருசலேம் எழுந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். ஆண்டுகள் பொருந்திவந்தாலும், அதற்குப் பின்னும் எருசலேமில் எத்தியோப்பியக் கிறிஸ்தவர்கள் இருந்துவந்தார்கள் என்பதால், இந்த ஒரே காரணத்தை அப்படியே ஏற்க முடியாது. காரணம் எதுவாயினும், செய்த முறை கவனிக்கத்தக்கது. எருசலேமை நினைவுகொள்ள ஒரு ஓவியமோ ஒரு கோபுரமோ போதாது என்று அவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். எருசலேம் என்பது நடந்து தொழும் நகரம். ஆகவே அதன் பிரதியும் நடந்து தொழுவதாகவே இருக்க வேண்டும். ஓடையைக் கடக்காமல் யோர்தானைக் கடந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

பிற்பகலில் தெற்குத் தொகுதி. இங்கே பாதை தன் குணத்தை மாற்றிக்கொள்கிறது. பேத்தே கபிரியேல்-ருஃபாயேலைச் சுற்றி மிக ஆழமான அகழி. மேல்மட்டத்தில் ஒரு சிறு பாலத்தைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். முன்சுவரோ உயரமும் கடுமையுமாக, கோட்டையின் சுவரைப் போல நிற்கிறது. அடுத்த இடங்களை அடைய, ஒளியே இல்லாத ஒரு சுரங்கவழி. திருப்பயணிகள் இதை நரகத்தின் வழி என்கிறார்கள். விளக்கில்லாமல், சுவரைக் கையால் தடவிக்கொண்டே நடக்கிறார்கள். மறுமுனையில் வெளிச்சம் வரும்போது அது வெறும் பகல் வெளிச்சமாக இருப்பதில்லை. பெத்லகேம், மெர்கோரியோஸ் என்ற தேவாலயங்களைத் தாண்டினால் பேத்தே அமானுவேல். நான்கு பக்கமும் பாறையிலிருந்து விடுபட்டு நிற்கும் இதன் சுவர்களில் முன்னும் பின்னுமாகப் பட்டைகள் அடுக்கடுக்காகச் செல்கின்றன. கல்லையும் மரத்தையும் மாற்றி மாற்றி வைத்துக் கட்டிய பழைய அக்ஸூம் நாட்டுக் கட்டட முறையை, மரமே இல்லாத பாறையில் நகலெடுத்த வேலை அது. கடைசியில் பேத்தே அப்பா லிபானோஸ். நான்கு பக்கமும் பாறையிலிருந்து பிரிந்தபின்னும் கூரை மட்டும் மேலே உள்ள மலையோடு ஒட்டியே இருக்கிறது. அரசி மெஸ்கெல் கெப்ரா தேவதூதர்களின் துணையோடு ஒரே இரவில் இதை முடித்தார் என்பது கதை. குகை, அரைகுறையாக விடுபட்டது, முழுவதும் விடுபட்டது என்று பாறைத் தேவாலயத்தின் எல்லா வகைகளையும் ஒரே பிற்பகலில், அடுத்தடுத்து, கால்நடையாக ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பது இங்கே.

இந்த இடத்தில் கனமான ஒரு மறுப்பு எழும். பாதையை ஒரே திட்டத்தின் உயிர்நாடி போலச் சொல்வது சரியா? எல்லாம் ஒரே மன்னர் காலத்தில் நடந்த வேலையே இல்லை என்கிறார்களே ஆய்வாளர்கள்? உண்மைதான். தொல்லியலாளர் டேவிட் ஃபிலிப்ஸன், மெர்கோரியோஸும் கபிரியேல்-ருஃபாயேலும் மன்னர் லாலிபெலாவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, தேவாலயங்களாக அல்லாமல், அரணாகவோ அரண்மனையாகவோ குடையப்பட்டிருக்கலாம் என்று கருதினார். 2010இல் ‘ஆன்டிக்விட்டி’ என்ற தொல்லியல் இதழில் வெளியான ஓர் ஆய்வும், வெட்டுகள் ஒன்றையொன்று எப்படிக் குறுக்கிடுகின்றன, வெட்டியெடுத்த கல்மண் எங்கே குவிக்கப்பட்டது என்பவற்றை வைத்து, வேலை பல கட்டங்களாக நடந்ததைக் காட்டியது. இந்தச் சான்றுகள் என் வாதத்தைப் பலப்படுத்துகின்றன என்றே நினைக்கிறேன். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நோக்கத்துக்காகக் குடைந்த இடங்கள் இன்று ஒரே புனித நகரமாக இருக்கின்றன என்றால், அவற்றை ஒன்றாக்கியது எது? சுவர்கள் இல்லை, இணைப்புகள்தான். பழைய அரண் ஒன்றைத் தேவாலயமாக்கி, அதற்குப் பெயரிட்டு, சுரங்கத்தால் பெத்லகேமோடு சேர்த்தபோதுதான் அது எருசலேமின் ஒரு பகுதி ஆயிற்று. ஆய்வாளர்கள் இந்தக் கட்டங்களைக் கண்டுபிடித்ததும் அகழிகளில் இறங்கி, தரைமட்டங்களையும் வாசல்களையும் வெட்டுத் தடங்களையும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்துதான். கட்டிய வீட்டில் சேர்க்கலாம், இடிக்கலாம்; வெட்டிய பாறையில் திரும்ப ஒட்டவைக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு மாற்றமும் அங்கே அழியாத தடமாக நிற்கிறது.

இரண்டாவது மறுப்பு அந்தப் புகழ்பெற்ற படத்தின் பக்கமிருந்தே வரும். பேத்தே கியோர்கிஸ், அதாவது புனித ஜார்ஜின் வீடு, மற்ற பத்திலிருந்தும் விலகித் தனியே நிற்கிறது. மிக அழகானதும் அதுதான். அப்படியென்றால் தனித்து நின்று பார்க்கத்தக்கதாகவே அதைச் செய்தார்கள் என்று சொல்லலாமே? விலகி நிற்பது உண்மை. ஆனால் அதையும் அகழிகளின் வலைப்பின்னல் மற்றவற்றோடு இணைத்திருக்கிறது. அதைவிட முக்கியம், அதை அணுகும் விதம். மேற்பரப்பில் வருபவருக்கு முதலில் கூரைதான் தெரியும். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சிலுவைகள் செதுக்கிய கூரை. அங்கே நின்றால் வாசல் எங்கே என்றுகூடத் தெரியாது. பிறகு விலகிச் சென்று, சரிவான அகழியில் இறங்க வேண்டும். இறங்க இறங்கச் சுவர்கள் உயர்கின்றன, வானம் ஒரு கீற்றாகக் குறுகுகிறது, கூரைச் சிலுவை கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. அடியில் வந்து சேரும்போது, மேலே படமாகப் பார்த்தது இப்போது தலைக்கு மேல் எழும் கோபுரம். குழியின் பக்கச் சுவர்களில் உள்ள பொந்துகளில் பழைய திருப்பயணிகளின் உலர்ந்த உடல்கள்கூட இருக்கின்றன. புனித ஜார்ஜ் தனக்குத் தேவாலயம் இல்லையே என்று குதிரையில் வந்து மன்னரிடம் முறையிட்டதாகக் கதை. குதிரையின் குளம்புத் தடங்கள் என்று பாறையில் சில குழிகளைக் காட்டுவார்கள். மேலிருந்து எடுத்த படம் இந்த அணுகுமுறையின் முதல் நிமிடத்தை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. நாள் முழுவதும் நடந்து, மாலையில் இங்கே வருபவருக்கு அது தொடக்கமாக இல்லாமல் முடிவாக அமையும்.

மனிதர்களால் இது முடியுமா என்ற சந்தேகமும் நெடுநாளாக இருக்கிறது. 1520களில் இங்கே வந்த போர்த்துக்கீசியக் குரு ஃபிரான்சிஸ்கோ அல்வாரெஸ் தாம் கண்டதை எழுதும்போது, படிப்பவர்கள் நம்பமாட்டார்களே என்று தயங்கினார். அவர் நூல் 1540இல் அச்சானது. பகலில் மனிதர்களும் இரவில் தேவதூதர்களும் வேலை செய்தார்கள் என்பது எத்தியோப்பிய மரபு. பின்னாளில் சிலர், ஐரோப்பியச் சிலுவைப்போர் வீரர்கள் வந்து செய்துகொடுத்தார்கள் என்றும் கிளப்பிவிட்டார்கள். தேவதூதர் கதையை நம்பிக்கையின் மொழியாக மதிக்கலாம். அந்த மக்களின் உழைப்பை அது பறிப்பதில்லை, தெய்வத்தோடு பங்கிடுகிறது. வெளிநாட்டுக் கொத்தர்களின் கதையோ பறித்துவிடுகிறது. அதற்கான பதிலையும் நடை தருகிறது. அமானுவேலின் பட்டைச் சுவர்களும், சாளர மூலைகளில் உத்தர முனைகளைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் கற்களும் அந்த மண்ணின் சொந்தக் கட்டட மொழி. வடக்கே திக்ரே பகுதியில் பாறைத் தேவாலயங்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. ஊருக்கு வெளியே நீளும் நெடிய மரபின் உச்சம்தான் லாலிபெலா. யாரோ வந்து இறக்கிவைத்த அற்புதம் இல்லை.

பாதைக்கு உயிர் கொடுப்பவர்கள் அதில் நடப்பவர்கள். எத்தியோப்பியத் திருச்சபை ஜனவரி 7ஆம் நாள் கொண்டாடும் கென்னா என்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு, வெள்ளைப் போர்வை போர்த்திய திருப்பயணிகள் பல நாள் நடந்து லாலிபெலாவுக்கு வருகிறார்கள், பலர் வெறுங்காலோடு. அன்று பேத்தே மரியாமின் முற்றத்தில் குருமார் ஓர் அணி கீழேயும், ஓர் அணி மேலே பாறை விளிம்பிலும் நின்று மாறி மாறிப் பாடுகிறார்கள். மேலே இருப்பவர்கள் வானதூதர்கள், கீழே இருப்பவர்கள் இடையர்கள். முரசு அதிர, தொழுகைக் கோல்கள் அசைய, வெட்டிய குழியே அரங்கமாகிறது. 2021இல் உள்நாட்டுப் போர் லாலிபெலாவைத் தொட்டது. ஊர் கைமாறியது, வெளிநாட்டவர் வருகை நின்றது. தேவாலயங்களில் வழிபாடு தொடர்ந்தது. இது அருங்காட்சியகமாக மாறிவிடாமல் வழிபடும் இடமாகவே எட்டு நூற்றாண்டு நிலைத்ததற்கு, மக்கள் நடந்து வந்துகொண்டே இருந்ததும் ஒரு காரணம்.

அப்படியானால் அத்தனை கால்களும் கல்லைத் தேய்க்காதா என்று கேட்கலாம். தேய்க்கும்; வாசற்படிகளில் அது கண்கூடு. கூட்டத்தை ஒழுங்குபடுத்த வேண்டும், சில இடங்களில் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தவும் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் லாலிபெலாவின் பெரும் பகை மழைநீர். வடிகாலாக வெட்டிய அகழிகள் பல நூற்றாண்டுகள் மண் மூடிக் கிடந்தன. 20ஆம் நூற்றாண்டில்தான் அவற்றைத் தோண்டிச் சுத்தம் செய்தார்கள். அதற்குள் நீர் ஊறிச் சுவர்களும் ஓவியங்களும் கெட்டுப்போயிருந்தன. 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் சில தேவாலயங்களுக்கு மேலே பெரிய கூரைப் பந்தல்கள் எழுந்தன. மழையை அவை தடுக்கின்றன. அவற்றின் பாரம் குறித்த அச்சத்தையும் கூடவே கொண்டுவந்தன, வானத்தையும் மறைத்தன. பாதையைப் பராமரிக்கத் தவறியதன் விலையைத் தேவாலயங்கள் கொடுத்தன என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம். கட்டடத்தை மட்டும் காப்போம், அகழி வெறும் பள்ளம்தானே என்று நினைக்கும் பார்வையும், கூரையை மட்டும் படமெடுத்துத் திரும்பும் பார்வையும் ஒரே வேரில் முளைத்தவை.

முதியவர்களும் உடல் இயலாதவர்களும் என்ன செய்வது என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. வழுவழுத்த படிகளும் இருட்டுச் சுரங்கமும் எல்லாருக்கும் ஏற்றவையல்ல. மலைநாட்டின் மெல்லிய காற்றில் இளையோருக்கே மூச்சு வாங்கும். இயலாதவர்கள் எல்லாவற்றையும் நடந்தாக வேண்டியதில்லை. ஏதாவது ஒரு தேவாலயத்துக்கு அதன் சொந்த அகழி வழியாக, ஒருவர் கைபிடித்து மெல்ல இறங்கிப் போனால்கூட, மேலே நின்று 11 கூரைகளை எட்டிப்பார்ப்பதைவிட அதிகம் கிடைக்கும். நான் வேண்டுவது நீளத்தை அல்ல, வரிசையை. ஒரு நாளில் லாலிபெலா முழுவதும் அடங்கிவிடாது என்பதும் சரிதான். அடங்க வேண்டியதும் இல்லை. வடக்கே தொடங்கி, ஓடையைக் கடந்து, இருட்டில் சுவரைத் தடவி நடந்து, கடைசியாக கியோர்கிஸின் அகழியில் இறங்கினால், அந்த ஊரைச் செதுக்கியவர்கள் மனத்தில் வைத்திருந்த வரிசை காலில் பதிந்துவிடும். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும் என்பது அங்குள்ள நியதி. எண்ணூறு ஆண்டுகளாகப் பாதங்கள் தேய்த்து மெருகேற்றிய அந்தக் கல்லின் குளிர்ச்சி எந்தப் படத்திலும் வராது.